சூடானால் செல்ஃப் எடுக்காத ஜீப்: மோட்டாரை மாற்றும் முன் எர்த் பட்டையைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். அப்பா ஓட்டிய 2001 மாடல் மஹிந்திரா கமாண்டர் டீசல் ஜீப்பை இப்போது நான் ஓட்டுகிறேன். விடியற்காலையில் தேனி மாவட்டம் கம்பத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் போவேன். வீட்டில் காலையில் செல்ஃப் எடுத்துவிடும், கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். மலை ஏறி ஆட்களை இறக்கிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஐந்தாறு முறை திருப்பினால் சில நாள் எடுக்கும், சில நாள் அந்த ‘டக்’ கூட வராது. ஒருமுறை மெக்கானிக் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினார், எடுத்துவிட்டது. போன வருடம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடித்ததில் இருந்துதான் இந்தத் தொல்லை. இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மோட்டாருக்குக் கரன்ட்டைச் சேர்க்கும் காந்த சுவிட்சான சோலனாய்டும் புதிது. இப்போது செல்ஃப் மோட்டாரையே புதிதாகப் போடச் சொல்கிறார்கள். இது போதாதென்று ஆக்சிலரேட்டர் கேபிள் வேறு இந்த வருடம் இரண்டு தடவை இறுகிப்போய் மாற்றினேன். இறக்கத்தில் நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, உருட்டி ஸ்டார்ட் செய்துதான் பொழுது ஓடுகிறது. மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, வணக்கம். மோட்டாரை இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் கடைசியில் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டு தடவை இறுகிப்போனது என்று. என் கண் அங்கேதான் நின்றது. செல்ஃப் தொல்லையும் கேபிள் தொல்லையும் ஒரே வண்டியில், ஒரே வருடத்தில், அதுவும் எஃப்.சி. வேலைக்குப் பிறகு வந்தால், நான் முதலில் தேடுவது இன்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவில் இருக்கிற எர்த் பட்டையை. கையகல நீளத்துக்குச் சற்றுக் கூட இருக்கும், பின்னல் போட்ட செம்புக் கம்பிப் பட்டை. பல வண்டிகளில் அது இருப்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

அது ஏன் தேவை என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. பேட்டரி மைனஸ் கேபிள் சேஸியிலோ பாடியிலோ முடுக்கியிருக்கும். செல்ஃப் மோட்டார் இன்ஜினோடு போல்ட் போட்டு நிற்கிறது. பிளஸ் பக்கம் தடியான கேபிளில் வந்த கரன்ட் மோட்டாரைச் சுற்றிவிட்டு பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமென்றால், இன்ஜினில் இருந்து சேஸிக்கு வர இந்தப் பட்டைதான் பாதை. பட்டை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கரன்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டு நிற்கிற இரும்புக் கம்பி எது? ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் நாப் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது அந்த மெல்லிய கம்பி வழியாகப் பெரிய கரன்ட் பாய்ந்தால் கம்பி சூடாகி, உள்ளே இருக்கும் நைலான் குழாய் உருகிப் பிடித்துக்கொள்ளும். கேபிள் இறுகும். கழற்றிய பழைய கேபிளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் மேல்உறையை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். நைலான் தேய்ந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம். உருகிக் கட்டிதட்டி, பழுப்பேறி இருந்தால் பதில் கையிலேயே கிடைத்துவிட்டது.

ஆக்சிலரேட்டர் இறுகுவது மலைப்பாதையில் உயிருக்கே ஆபத்து. அதனால் மோட்டாரை மாற்றுவதா வேண்டாமா என்பதை விட, இந்தப் பட்டையைப் பார்ப்பது உங்களுக்கு அவசரம்.

எஃப்.சி.க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எஃப்.சி.க்கு முன்னால் வண்டியின் அடிப்பக்கம் கழுவி, சேஸிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிப்பது வழக்கம். அந்த நேரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டு, பெயிண்ட் காய்ந்ததும் அதன் மேலேயே வைத்து முடுக்கிவிடுவார்கள். பார்க்கப் புதிதுபோல இருக்கும், போல்ட்டும் இறுக்கமாக இருக்கும். இப்படி ஒரு வேன் என் பட்டறைக்கு வந்தது, பல வருடம் ஆகிறது. மூன்றாவது செல்ஃப் மோட்டார் போட்டும் எடுக்கவில்லை என்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். உதவிக்கு இருந்த பையனை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பட்டையின் லக்கில், அதாவது போல்ட் மாட்டும் முனைத் தகட்டில், விரல் வைத்தேன், சுரீர் என்று சுட்டது. கழற்றினால் லக்குக்கு அடியில் கறுப்பு பெயிண்ட் வட்டமாக அப்படியே இருக்கிறது. போல்ட் மரை உரசிய இடத்தில் மட்டும் மீசை முடி அகலத்துக்கு இரும்பு மின்னுகிறது. ஒரு டீசல் இன்ஜினைச் சுற்றும் கரன்ட் முழுவதும் அந்த முடி அகலம் வழியாகத் திரும்பிப் போக வேண்டியிருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து முடுக்கினேன், முதல் சுற்றிலேயே வண்டி எடுத்தது. அந்த ஓனர் மூன்று மோட்டாருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதே செலவை உங்கள் தலையில் யாரும் ஏற்றிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, ‘ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, அப்புறம் எர்த் எப்படி கெட்டிருக்கும்’ என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். டீசல் இன்ஜினில் கம்ப்ரெஷன் அதிகம் என்பதால், அதைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர், சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். வழியில் எங்காவது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால், 10 ஆம்பியருக்கு அது 0.1 வோல்ட்டைத்தான் தின்னும், பல்பு பார்த்தால் தெரியவே தெரியாது. அதே தடை 300 ஆம்பியருக்கு 3 வோல்ட்டைத் தின்றுவிடும். 12 வோல்ட்டில் 3 போனால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? இதில் இன்னொன்று, உங்கள் ஹெட்லைட் கரன்ட் பாடி வழியாக நேராகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இன்ஜின் பட்டையை அது தொடுவதே இல்லை. மீட்டரை ஓம் பக்கம் வைத்து ‘பீப்’ சத்தம் கேட்டுப் பார்ப்பதும் இதனால்தான் உதவாது. ஒற்றை இழை பிடித்துக்கொண்டிருந்தால்கூட மீட்டர் ‘பீப்’ அடிக்கும். கரன்ட் ஓடும்போது, வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி.

இதே பட்டையால் உங்கள் பேட்டரிகளும் போயிருக்கலாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் இன்ஜினில்தான் மாட்டியிருக்கிறது, அதற்கும் எர்த் அதே பட்டை வழியாகத்தான். பட்டை மோசம் என்றால் சார்ஜ் முழுதாக ஏறாது. எப்போதும் அரை வயிற்றில் இருக்கும் பேட்டரியில் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துப்போகும். புதிது வாங்கி மாட்டினால் சில மாதம் ஓடும், பிறகு பழைய கதை.

மலை ஏறிய பிறகுதான் அதிகம் மக்கர் செய்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. செம்புக் கம்பியின் தடை சூட்டில் கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து நிறுத்தும்போது இன்ஜின் சூடு முழுவதும் பக்கத்தில் இருக்கும் சோலனாய்டுக்கு இறங்குகிறது. காலையைவிட 60 டிகிரி கூடினால் சோலனாய்டு காயிலின் தடை 23 சதவீதம் ஏறிவிடும், அதனால் இழுக்கும் பலமும் குறையும். முழு வோல்ட் கிடைத்தால் சமாளித்துவிடும். ஏற்கெனவே பாதி வழியில் வோல்ட் களவு போகிறது என்றால் ‘டக்’ என்று நின்றுவிடும், அல்லது அந்த ‘டக்’கும் வராது.

இதெல்லாம் நான் கடிதத்தை வைத்துச் சொல்லும் சந்தேகம். வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் சோதித்து உறுதி செய்யுங்கள்.

முதல் சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். ஒரு நல்ல தடியான ஜம்பர் கேபிளை ஜீப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மலை மேல் அந்த ‘டக்’ வந்ததும், சாவியை ஆஃப் செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை செல்ஃப் மோட்டார் பக்கத்தில் பெயிண்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் கடிக்க வையுங்கள். ஃபேன், பெல்ட் எதிலும் கேபிள் படக் கூடாது. மறுபடி சாவியைத் திருப்புங்கள். விறுவிறுவென்று சுற்றினால் எர்த்தான் குற்றவாளி. கோளாறு இருக்கும் அந்த நிமிடத்தில் இதைச் செய்வது முக்கியம். வண்டி நன்றாக எடுக்கிற காலை நேரத்தில் பட்டறையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். உங்கள் மெக்கானிக்கும் பாவம், அப்படித்தான் ஏமாந்திருப்பார்.

அடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள், சாவிக்கு ஒரு ஆள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது, முதலில் வெளியே சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் மற்ற அளவுகள் எல்லாம் பொய் சொல்லும். மீட்டர் முனையை கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைத்துப் பழகுங்கள். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே கோளாறு இருப்பது உண்டு. செல்ஃப் சுற்றும்போது அதே குமிழ்களில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், அல்லது மோட்டார் உள்ளே இறுகி அதிகம் இழுக்கிறது.

இப்போது எர்த். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் குமிழில், இன்னொன்று செல்ஃப் மோட்டாரின் உடம்பில். சுற்றச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். 0.5 தாண்டினால் வேலை இருக்கிறது. உங்கள் வண்டியில் 2, 3 வோல்ட்கூட வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வந்தால் அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: குமிழில் இருந்து கிளாம்பு, கிளாம்பில் இருந்து சேஸி, சேஸியில் இருந்து இன்ஜின். எந்தத் துண்டில் வோல்ட் ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு.

பிளஸ் பக்கமும் அதேதான். பேட்டரி பிளஸ் குமிழில் இருந்து சோலனாய்டின் பெரிய போல்ட் வரை சுற்றும்போது 0.3 வோல்ட் தாண்டக் கூடாது. சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் முனைகளை வைத்து, ‘டக்’ சத்தம் வரும்போது பாருங்கள். அப்போதும் 12 வோல்ட் காட்டினால் உள்ளே செம்புத் தட்டு ஒட்டவில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கி, மோட்டார் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் 11 வோல்ட் முழுதாக இருந்தும் சுற்றவில்லை என்றால், அப்போதுதான் மோட்டார் உள்ளே கோளாறு என்று தைரியமாகச் சொல்லலாம்.

‘டக்’ கூட வராத நாளுக்கு ஒரு அளவு இருக்கிறது. சோலனாய்டின் சிறிய முனை, சாவியில் இருந்து வயர் வருகிற இடம், அதற்கும் பேட்டரி மைனஸ் குமிழுக்கும் நடுவில் சாவியைத் திருப்பியபடி பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். 7, 8 என்று வந்தால் சாவி சுவிட்சுக்குள் தகடு கருகியிருக்கும், இல்லை வழியில் சாக்கெட் தளர்ந்திருக்கும். 20 வருடத்துக்கு மேலான வண்டியில் சுவிட்சை நம்பிக்கொண்டிருக்காமல், நடுவில் ஒரு ஸ்டார்ட்டர் ரிலே போட்டு, பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஃப்யூஸ் வைத்த தனி வயர் கொடுத்துவிடுவது நல்லது. சுவிட்சுக்கும் பளு குறையும்.

எர்த்தான் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டிய வேலை சின்னது. பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதுதான் கடைசி. பட்டையைக் கழற்றிப் பாருங்கள். பச்சைப் பூத்து, இழைகள் அறுந்து இருந்தால் புதிது வாங்குங்கள். சேஸியிலும் இன்ஜினிலும் லக் உட்காரும் வட்டத்தைப் பெயிண்ட், துரு போய் இரும்பு வெள்ளையாக மின்னும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், முன்னால் தடவ வேண்டாம். இதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் செய்யுங்கள்: பேட்டரி மைனஸில் இருந்து நேராக செல்ஃப் மோட்டார் மவுன்டிங் போல்ட்டுக்கு 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, முடிந்தால் 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒன்று கூடுதலாகக் கொடுங்கள். லக்கை சுத்தியலால் நசுக்காமல் கிரிம்பிங் மெஷினில் அழுத்தி வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவாகக் கிடைக்கும், அது வேண்டாம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளையும் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். இரண்டாவதாகப் போட்டதும் பாதி உருகியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள், எர்த்தைச் சரி செய்த பிறகு. இல்லையென்றால் மூன்றாவதும் போகும்.

அந்த ஸ்பேனர் தட்டலை நான் மறக்கவில்லை. தட்டியதும் எடுத்தது என்றால், மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கலாம். கார்பன் குட்டையானால் ஸ்பிரிங் அழுத்தம் போதாமல் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தில் சரியாக உட்காராது, தட்டினால் நகர்ந்து உட்காரும். எனவே உங்களிடம் இரண்டு கோளாறு சேர்ந்தும் இருக்கலாம். எர்த்தைச் சரி செய்து, மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சரியாக வந்த பிறகும் தொல்லை இருந்தால், மோட்டாரை இறக்கி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பிரிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கார்பன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் செட்டாக மாற்ற வேண்டும். மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சரின் தண்டை விரலால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. சூட்டில் ஆர்மேச்சர் தன்னைச் சுற்றி இருக்கும் ஃபீல்டில் உரசி மெதுவாகச் சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். உரசிய தடம் ஆர்மேச்சரின் மேல் பளபளவென்று தெரியும். உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தால் எங்கே இருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் மோட்டாரை ஏற்ற வேண்டாம். ஆர்மேச்சரைக் குரோலர் என்ற சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்து ஷார்ட் இல்லை என்றால், கார்பனும் புஷ்ஷும் போட்டு அதே மோட்டார் இன்னும் பல வருடம் ஓடும். புது மோட்டார் விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். அந்தக் காலத்து மோட்டாரில் இருக்கும் செம்பைப் பார்த்தால் தூக்கிப்போட மனசு வராது. அப்புறம், தட்டுவதை ஒரு பழக்கமாக்க வேண்டாம். புது மாதிரி மோட்டார்களில் உள்ளே நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும், தட்டினால் காந்தம் விரிசல் விட்டுவிடும்.

மோட்டார் இறக்கிய அன்றே டார்ச் அடித்து, செல்ஃப் மோட்டார் பிடித்துச் சுற்றும் பிளைவீல் ரிங் பற்களையும் சுற்றிப் பாருங்கள். 4 சிலிண்டர் இன்ஜின் ஆஃப் செய்யும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும், அதனால் எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் பல் தேயும். உங்களுக்குக் ‘கர்ர்’ என்ற அரைக்கும் சத்தம் இல்லை, அதனால் ரிங் நன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாவிட்டால் வேக்குவம் இல்லை, ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அந்த ரோட்டில் ஒரு வளைவு தாண்டினால் அடுத்த வளைவு. ஏற்கெனவே இறுகுகிற ஆக்சிலரேட்டர் வேறு. பழுது தீரும் வரை ஆட்களை இறக்கும் இடத்தில் இன்ஜினை ஆஃப் செய்யாமலேயே நிறுத்துங்கள், டிரைவர் சீட்டில் நீங்கள் இருந்தபடி. டீசல் கொஞ்சம் போனால் போகட்டும். செல்ஃப்பையும் 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஆற விட்டு மறுபடி அடியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு இருந்தால் முதலில் அந்தப் பட்டையைக் கழற்றி, லக்குக்கு அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். பேட்டரி, எர்த், பிளஸ், சாவி வயர் என்ற நான்கு அளவையும், காலையில் ஒன்று, மலை மேல் சூட்டில் ஒன்று என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மோட்டாரை இறக்க வேண்டுமா இல்லையா என்று சொல்கிறேன். அதுவரை புது மோட்டாருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.